கயலுக்கு, ரோபோ கதைகள் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

ரோபோ கதைகளை எதிலிருந்து தொடங்கலாம் என்று போனில் கேட்டாய். அப்போது அவசரத்தில் சொல்ல முடியவில்லை. ஐசக் அசிமோவின் ‘ஐ, ரோபோட்’ தொகுப்பை எடு, கண்ணு. 1950இல் வந்தது, ஒன்பது கதைகள். படைத்தவனையே அழிக்கும் இயந்திரம் என்ற பழைய கதை அவருக்கு அலுத்துப்போயிருந்தது. இதில் எந்த ரோபோவும் வெறிபிடித்து மனிதர்களைக் கொல்லக் கிளம்பாது. கொடுத்த விதிப்படியே நடக்கும், அதிலேதான் சிக்கல் முளைக்கும். நாள் முழுக்க நிரல் எழுதுகிற உனக்கு இது சட்டென்று பிடிபடும்.

‘ரன்அரவுண்ட்’ கதையை மட்டும் நிதானமாகப் படி. 1942இல் வந்தது. மனிதனுக்குத் தீங்கு நேரவிடாதே, சொன்னதைக் கேள், உன்னையும் காத்துக்கொள் என்ற மூன்று விதிகளும் முழுதாக வெளிவந்தது இதில்தான். முந்தைய விதிக்குப் பிந்தையது அடங்கிப்போக வேண்டும். புதன் கோளில் இரண்டு பேர். வெயிலைத் தடுக்கும் கருவிகளுக்குச் செலினியம் என்ற தனிமம் வேண்டும், அது இல்லாவிட்டால் கருகிவிடுவார்கள். எடுத்துவரப் போன ஸ்பீடி என்ற ரோபோ, செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டளையைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்கள், அதனால் இரண்டாம் விதிக்கு வலு குறைவு. விலை அதிகமான ரோபோ என்பதால் மூன்றாம் விதியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். குட்டையை நெருங்கினால் ஆபத்து விலக்குகிறது, விலகினால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகிற தூரத்தில் அது மாட்டிக்கொள்கிறது. எப்படி மீட்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் வருமுன் புத்தகத்தை மூடிவிட்டு நீயே யோசித்துப் பார்.

என் மனசுக்கு நெருக்கமானது ‘லையர்!’. ஹெர்பி என்ற ரோபோவுக்கு மனித மனங்களைப் படிக்கத் தெரியும். மனம் நோவதும் தீங்குதானே? அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்க ஏங்குவதையே சொல்கிறது. சூசன் கால்வின் என்ற விஞ்ஞானியிடம், அவர் உள்ளுக்குள் விரும்பும் சகா அவரையே நேசிப்பதாகச் சொல்லிவிடுகிறது. உண்மை தெரிந்ததும் கால்வின் ஹெர்பியைப் பழிவாங்கும் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வர்ணனையை எதிர்பார்க்காதே; ஆட்கள் பேசிப் பேசியே புதிரை அவிழ்ப்பார்கள். தொடக்கத்தில் வரும் ‘ராபி’ கொஞ்சம் குழந்தைத்தனமாகத் தோன்றலாம். எழுதியபோது அவருக்கு வயது 19தான், பொறுத்துக்கொண்டு தாண்டிப் போ.

படித்து முடித்ததும் கூப்பிடு. கால்வின் செய்தது சரிதான் என்கிறாள் உன் அம்மா. எனக்கு ஹெர்பியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நீ யார் பக்கம்?

அன்புடன்,
அப்பா