நிலம் வேண்டிய இடமும் கை வேண்டிய இடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காலனி ஆட்சி பல நாடுகளின் பூர்வகுடிப் பண்பாடுகளை எப்படிச் சிதைத்தது என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கனடாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விரிவாகவே வந்திருந்தன. இலங்கையின் மலையகம் மட்டும் தேயிலை, கூலித் தொழிலாளர் என்று ஒரு வரியோடு முடிந்துவிட்டது. ஊவாப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் பல வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை.

காலனி ஆட்சி போன இடமெல்லாம் பண்பாட்டை அழித்தது என்கிறார் கட்டுரையாளர். எங்கள் மலைகளை வைத்துப் பார்த்தால் அது பாதிதான் சரி. கனடாவின் மேற்குக் கரையில் பூர்வகுடிகள் பொட்லாச் என்ற கொடை விழாவை நடத்தக் கூடாதென்று 1885இலிருந்து 1951 வரை சட்டம் இருந்தது. மீறியவர்கள் சிறைக்குப் போனார்கள். அதே பிரித்தானிய முடியின் கீழ் இருந்த எங்கள் தோட்டங்களிலோ மாரியம்மன் திருவிழாவுக்கு லீவு கிடைத்தது. தோட்டம் நடத்திய வெள்ளைத் துரைமார் கோயிலடிக்கு வந்து மாலை போட்டுக்கொண்டு போனார்கள். இதற்குக் காரணம் இரக்கம் அல்ல. கனடாவில் அவர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது, அங்கே வாழ்ந்த மக்கள் இடைஞ்சலாக இருந்தார்கள். தோட்டத்து வேலைக்கு வந்த எங்கள் தமிழ் ஆட்களிடம் வேண்டியிருந்தது உழைக்கும் கை. சாமியும் சொந்தபந்தமும் பக்கத்திலேயே இருந்தால்தான் அந்தக் கை மலையை விட்டுப் போகாது.

அப்படியானால் மலையில் நிலத்தை இழந்தவர்கள் யார்? கண்டியச் சிங்களக் கிராமத்தவர்களும் இலங்கையின் பூர்வகுடிகளான வேடர்களும்தான். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மூன்று வருடத்துக்குள் தங்களுக்கு எதிராக எழுந்த ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அவர்கள் அடக்கியபோது பயிரும் கால்நடையும் குளங்களும் நாசமாயின. அப்புறம் வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடும் தரிசும் பயிரிடாத நிலமும், யாருடையதென்று நிரூபிக்காதவரை, முடிக்குச் சொந்தம் என்றது அது. கண்டியக் கிராமம் என்றால் பள்ளத்தில் இருக்கும் வயல் மட்டும் அல்ல. மேட்டில் காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை, மாடு மேயும் பத்தனைப் புல்வெளி, விறகுக்கும் மூலிகைக்கும் காடு எல்லாம் சேர்ந்துதான் ஊர். அந்த மேட்டுக்கு உறுதிப் பத்திரம் காட்டு என்றால் கிராமத்தவன் எங்கே போவான்? ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் காணிகள் விலைபோயின. வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளும் இருந்தார்கள். முதலில் கோப்பி வந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் அதை அழித்த பிறகு அதே சரிவுகளைத் தேயிலை மூடியது.

வேடர்களின் கதை இன்னும் கொடியது. ஆங்கிலேயர் போன பிறகும் அது ஓயவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும், தம்பானைக் கிராமத்து வேடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த, வேட்டையாடிய காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட இடமானது. காட்டில் வாழ்கிறவனுக்குக் காட்டில் உரிமை இல்லை என்ற 1840ஆம் ஆண்டு நினைப்பைச் சுதந்திர நாடும் அப்படியே ஏற்றுக்கொண்டது. எனக்கு இது பெரிய வேதனை.

எங்கள் பக்கம் நடந்தது வேறு மாதிரி. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை என்று தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணி தன் ஊருக்கே போய், தன் சாதிக்காரரையும் சொந்தக்காரரையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தான். மாமா, சித்தப்பா என்று கூப்பிட்ட ஆளே கடன் கொடுத்தவனாகவும் வேலை வாங்குகிறவனாகவும் ஆனான். கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேற்றியபோதும் சாதி பார்த்தார்கள். ஊரிலே சாமி ஊர்வலத்துக்கும் சாவு வீட்டுக்கும் அடித்த தப்புப் பறை, இங்கே விடியுமுன் ஆட்களை வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துக்கு எழுப்பும் மணியாகவும் ஆனது. எங்கள் பண்பாட்டைத் துரைமார் தடைசெய்யவில்லை. வேலைக்கு உதவிய பகுதியை எடுத்துக்கொண்டார்கள், ஆளை அடக்க உதவிய பகுதியை இறுக்கிவிட்டார்கள். சாதியும் கங்காணி அதிகாரமும் தோட்டத்தில் இத்தனை காலம் நிலைத்ததற்கு எங்கள் முன்னோரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. அதேசமயம், கோயில் கமிட்டியில் முதல் மரியாதை யாருக்கு என்று இன்றைக்கும் சண்டை பிடிப்பதைப் பரம்பரை வழக்கம் என்று சொல்லிக் காப்பாற்றுவதும் சரியில்லை.

அவர்கள் கைக்கு அகப்படாததும் இருந்தது. மாசி பிறந்தால், மன்மதன் எரிந்த கதையைக் கூத்தாக ஆடத் தோட்டத்தில் காமன் நடுவார்கள். ரதி, மதன் வேடம் நேர்த்திக்கடனாகக் கட்டப்படும். அந்த இரவுகளில் தப்பு பெரட்டுக்கு அடிக்கும் தப்பு அல்ல. பகல் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் விடிய விடிய உட்கார்ந்து ரதியின் புலம்பலைக் கேட்டு அழுவார்கள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் புத்தகம் இல்லாமலே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். தப்பு அடிமைத்தனத்தின் சின்னம், அதை விட்டுவிட வேண்டும் என்று எங்கள் இளைஞர் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு சாதியின் தலையில் மட்டும் அதைக் கட்டியது அநியாயம்தான். அதற்கு வழி தப்பை எறிவது அல்ல, எல்லா வீட்டுப் பிள்ளையும் அதைக் கையில் எடுப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கண்டியக் கிராமத்தவன் எங்களைத் தன் மலையைப் பிடித்தவர்களாகப் பார்த்தான். நாங்கள் அவனை எங்கள் குடியுரிமையைப் பறித்தவனாகப் பார்த்தோம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்ட எங்களுக்கு அந்தக் கோபம் வராமல் இருக்காது. ஆனால் அவனுடைய சேனையைப் பறித்ததும் எங்கள் பாட்டனை அந்தச் சரிவில் நிறுத்தியதும் ஒரே பெருந்தோட்டப் பொருளாதாரம். இதைச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பாடத்தில் படிக்க வேண்டும். நான் படிப்பித்த காலத்தில் அப்படி ஒரு பாடம் இருக்கவில்லை.

உங்கள் இதழ் இதைத் தொடங்கலாம். கண்டியக் கிராமத்துப் பெரியவர்கள், தம்பானை மக்கள், தோட்டத்து வாத்தியார்மார், கூத்துப் பாட்டுக்காரர்கள் எல்லோரிடமும் கேட்டு ஒரு தொடர் வெளியிடுங்கள். காமன் பாட்டுகளை முழுதாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டு எழுதிவைத்த பாட்டுகள் சில என்னிடம் உள்ளன. இடம் தருவீர்கள் என்றால் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பண்டாரவளை