மைகாட் கார்டும் மார்னிங் 9.30 ஏ.எம்.மும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில், ஆங்கிலத்தில் தேவையில்லாமல் இரட்டித்து வரும் சொற்களைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். 'ரிடர்ன் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்', 'ஃப்ரீ கிஃப்ட்' என்று ஒரு பத்தி நிறைய. வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சகத்தில் 22 வருடமாகக் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்பு பார்க்கிறவன் நான்.

போன மாதம் ஓர் அக்கா, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதிக்கொண்டு வந்தார். ஆங்கிலப் பக்கத்தில் 'மார்னிங் 9.30 ஏ.எம்.', அடியில் 'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' ஏ.எம். என்றாலே நண்பகலுக்கு முன்புதான், மார்னிங் எதற்கு என்றேன். உடனே அடித்துவிட்டார். ப்ளீஸில்தான் வம்பு. அந்த நாலு எழுத்தும் 'தயவுசெய்து பதில் தாருங்கள்' என்ற பிரெஞ்சு வாக்கியத்தின் சுருக்கம், 'தயவுசெய்து' அதற்குள்ளேயே இருக்கிறது என்று விளக்கினேன். "இருக்கட்டும் தம்பி. உள்ளுக்குள்ள இருக்கிற தயவு சம்பந்தி வீட்டுக்குத் தெரியுமா?" என்றார். 600 அட்டையும் ப்ளீஸோடுதான் போயின.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கடன் வாங்கிய சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதபோதுதான் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டுகிறோம். 'ஏ.டி.எம். மெஷின்' என்கிறோம், ஏ.டி.எம்.மின் கடைசி எழுத்தே மெஷின். அதில் அமுக்கும் 'பின் நம்பரி'ல் பின்னுக்குள்ளேயே நம்பர் உண்டு. அடையாள அட்டையான ஐ.சி.யில் உள்ள 'சி' கார்டுதான், ஆனாலும் கிளினிக் கவுண்டரில் "ஐ.சி. கார்டு குடுங்க" என்கிறார்கள். 2001இல் மைகாட் என்ற புது அடையாள அட்டை வந்தது. மலாயில் 'காட்' என்றால் அட்டை. அதற்கும் ஒரு கார்டை மாட்டி 'மைகாட் கார்டு' ஆக்கிவிட்டோம். இங்குள்ள பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் முதல் எழுத்து சிஜில், அதாவது சான்றிதழ். 'எஸ்.பி.எம். சர்ட்டிபிகேட்' என்று எழுதாத பயோடேட்டாவை நான் பார்த்ததில்லை. ஆங்கிலம்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நம் பாட்டிமார் அரைஞாண் கயிறு கட்டிவிட்டார்களே, ஞாண் என்றாலும் கயிறுதானே?

பட்டியலில் ஓரிரு இடங்கள் எனக்கு ஒப்பவில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' தப்பு, சரி. ஆனால் அந்த அபௌட் நம் தமிழிலிருந்து போய் ஒட்டிக்கொண்டது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று பழகிய வாய்க்கு அது இல்லாமல் ஓடாது. டிஸ்கஸ் என்ற வினை 'எதை' என்பதை நேராக எடுத்துக்கொள்ளும், 'டாக்' எடுக்காது என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சும்மா 'அதிகப்படி சொல், நீக்குக' என்று விட்டால் பையன் 'டாக் அபௌட்'டிலும் அபௌட்டை வெட்டிவிட்டு வந்து நிற்பான்.

உயிலைக் குறிக்கும் 'வில் அண்ட் டெஸ்டமென்ட்'டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பல காலம் சட்டம் லத்தீனிலும் பிரெஞ்சிலும் நடந்தது. ஊர் ஜனம் பேசியது ஆங்கிலம். வில் ஊர்ச்சொல், டெஸ்டமென்ட் லத்தீன் வழி வந்தது. இரண்டும் சேர்ந்து வக்கீல்கள் கையில் ஒரே சொல்லாகவே இறுகிவிட்டன. '12 நூன்' விஷயமும் எனக்கு அப்படித்தான். நூன் என்றாலே 12 மணிதான், தெரியும். வெறுமனே 12 பி.எம். என்று அச்சடித்தால், நடுப்பகலா நள்ளிரவா என்று போன் போட்டுக் கேட்கிறார்கள். விருந்து நேரத்துக்கு நான் '12 நூன்' என்றே போடுகிறேன், இனியும் போடுவேன். நம் நன்னூலே 'ஒருபொருட் பன்மொழி' என்று இதற்குப் பெயர் வைத்து, 'மீமிசை', 'உயர்ந்தோங்கு' போலச் சிறப்புக்காக வந்தால் வழுவில்லை என்று விட்டுவிடுகிறது.

பட்டியலைப் படித்த கையோடு எங்கள் கடை ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். 'அட்வான்ஸ் முன்பணம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மெய்ப்பு பார்த்தவன் நான்தான். இன்னும் 11 புத்தகம் மிச்சம் இருக்கிறது. தீரட்டும், பிறகு மாற்றலாம் என்கிறார் முதலாளி.

இப்படிக்கு,
ஓர் அச்சக ஊழியர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு