உறையில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தனியார் டிஸ்பென்சரிக்குக் காய்ச்சலென்று போனால், பல இடங்களில் சின்னக் கடதாசி உறையில் குளிசை போட்டுத் தருவார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. அரச வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். பெயரில்லாத அந்த உறை வாட்டில் எவ்வளவு சிக்கலை உண்டாக்குகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குளிசை போட்டும் காய்ச்சல் விடாமல் நோயாளி வருவார். என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், "வெள்ளைக் குளிசை, கொஞ்சம் பெரிசு" என்பார். அது பக்டீரியாக் கிருமியைக் கொல்லும் அன்டிபயோட்டிக்கா, வேறு ஏதுமா என்று யாருக்கும் தெரியாது. இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினாலும், உடம்பில் ஏற்கெனவே மருந்து இருந்தால் கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாதபோது, பலவற்றையும் ஒன்றாகத் தாக்கும் ஊசியைத்தான் டொக்டர் தொடங்க வேண்டி வருகிறது. அந்த ஊசி உடம்பிலுள்ள நல்ல கிருமிகளையும் அழிக்கும். மருந்துக்கு மசியாதவை மிஞ்சிப் பெருகும், கழுவாத கை வழியே பக்கத்துக் கட்டிலுக்கும் போகும். அந்தக் கட்டிலில் சீனி வருத்தக்காரர் ஒருவர் காலில் புண்ணோடு படுத்திருந்தால், காலையே எடுக்க வேண்டிய நிலையும் வரலாம்.

வைத்தியசாலைக்குள்ளும் எழுத வேண்டியது இருக்கிறது. நோயாளியின் சிகிச்சை விவரம் எழுதும் டிக்கட்டில் மருந்தும் அளவும் இருக்கும். எதற்காகத் தொடங்கியது, என்றைக்குத் திரும்பப் பார்ப்பது என்பது பல நேரம் இருக்காது. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் மீண்டும் பார்த்து, தேவையில்லை என்றால் நிறுத்த வேண்டும், அல்லது அந்தக் கிருமிக்கு மட்டுமான மருந்துக்கு மாற்ற வேண்டும், நோயாளி தேறியிருந்தால் ஊசியை விட்டுக் குளிசைக்குப் போக வேண்டும். ஆனால் நெரிசலான வாட்டில், டொக்டர் மாறி டொக்டர் வரும்போது, "தொடரவும்" என்று எழுதிவிட்டுப் போவதே இலகு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஊசி போடுவது தாதியர்தான், இன்று எத்தனையாவது நாள் என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். "சேர், மூன்றாம் நாள், ரிப்போர்ட் வந்திருக்கு" என்று ஒரு இளம் தாதி சொன்னால் அதை நின்று கேட்கும் வழக்கம் வேண்டும்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "காசைப் பாக்காதீங்க, வெளியில வாங்கித் தாறம், பவர் கூடின ஊசியைப் போடுங்க" என்று டொக்டரை நெருக்காதீர்கள். மாரியில் வரும் டெங்கு வைரஸ் காய்ச்சல், அதற்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. வயலில் இறங்குபவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலோ பக்டீரியாவால் வருவது, அதற்கு உடனே கொடுக்கத்தான் வேண்டும். இரண்டையும் பிரித்தறிவது டொக்டரின் வேலை.

மருந்துக்கு மசியாத பக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக மட்டும் 2019இல் உலகில் 12.7 இலட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அன்டிபயோட்டிக்குகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் கொடுக்கக்கூடிய அமொக்சிசிலின் போன்றவை ஒரு பிரிவு, கவனத்தோடு கொடுக்க வேண்டிய செப்ட்ரயக்சோன் போன்றவை இன்னொன்று, கடைசிக்கென்று வைக்க வேண்டிய கொலிஸ்டின் போன்றவை மூன்றாவது. 2030க்குள் உலகில் மனிதருக்குப் பாவிக்கும் அன்டிபயோட்டிக்கில் 70 சதவீதமாவது முதல் பிரிவாக இருக்க வேண்டும் என்று 2024இல் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் உடன்பட்டன. பெயரே எழுதாத உறைகளை வைத்து இதை எப்படிக் கணக்கெடுப்பது?

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். உறையில் மருந்தின் பெயர், டிக்கட்டில் காரணமும் மீளப் பார்க்கும் திகதியும், வீட்டுக்குப் போகும்போது கார்டில் எந்த அன்டிபயோட்டிக் எத்தனை நாள் என்ற விவரம். இவற்றுக்குப் புதுக் கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. அதுவரை, உறையில் பெயர் இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதுவித்து, அதை கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி,
களுவாஞ்சிகுடி.