ஜெர்மன் வகுப்புக்குப் பேருந்து எப்போது வரும்?

பல்கலைக்கழக மொழி மையத்தின் இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

மலாயில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

எந்த மொழி வகுப்பில் யார் படிக்கிறார்கள் என்று பெற்றோர் சந்திப்பில் உங்கள் அதிகாரி திரையில் காட்டிய வரைபடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜெர்மன், ஜப்பான் வகுப்புகளில் பொறியியல் பையன்கள். கொரிய வகுப்பிலும் பிரெஞ்சிலும் கலை, வணிகப் பிரிவுப் பெண்கள். "பெண்பிள்ளைகளுக்குக் கொரிய நாடகம் என்றால் உயிர்" என்று அவர் சொன்னதும் மண்டபமே சிரித்தது. என் மகள் சிரிக்கவில்லை. கணக்கியல் படிக்கிற அவள் கேட்டது ஜெர்மன். இப்போது இருப்பது கொரிய வகுப்பில்.

ஏன் என்று சொல்கிறேன். ஜெர்மன் வகுப்பு பொறியியல் கட்டடத்தில், இரவு 8 மணி முதல் 10 மணி வரை. வளாகப் பேருந்தின் கடைசி நடை 9.30க்கே போய்விடும். பெண்கள் விடுதியோ வளாகத்தின் மறுகோடியில். இடையில் விளக்கு எரியாத சாலை, ஒரு பக்கம் முழுக்கச் செம்பனைத் தோட்டம். பையன்கள் மோட்டார் சைக்கிளில் போய்விடுகிறார்கள். என் மகளுக்கு மோட்டார் வாங்கித் தர எனக்கு வழியில்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் பாதி வகுப்பில் எழுந்து ஓட வேண்டும். இருந்து கேட்டால் கிராப் வாடகைக் கார்தான். அந்தக் காசு அவள் சாப்பாட்டுக் காசு. ஒரு ராத்திரி கிராப்பும் கிடைக்காமல் அவளும் ஒரு தோழியும் கைப்பேசி வெளிச்சத்தில் நடந்தே விடுதிக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு அது தெரிய வந்தபோது, "போதும்மா, விட்டுவிடு" என்றேன். இந்தப் பருவம் அவள் பதிந்த கொரிய வகுப்பு பகல் 2 மணிக்கு, விடுதிக்குப் பக்கத்திலேயே. உங்கள் வரைபடத்தில் அவளும் இனி நாடகம் பார்க்கிற பெண்தான்.

பெண்கள் எதை விரும்புகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், முதலில் அவர்கள் போய்வரக்கூடிய நேரத்தில் வகுப்பை வையுங்கள் ஐயா.

கணக்கியலுக்கு ஜெர்மன் எதற்கு என்று பதிவுப் பிரிவில் கேட்டார்களாம். எங்கள் பாடாங் செராய்க்குப் பக்கம்தான் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை. ஜெர்மனியின் இன்ஃபினியோன் சில்லு ஆலை 2006 முதல் அங்கே இருக்கிறது. அங்கெல்லாம் கணக்கு எழுத ஆளே வேண்டாமா? கொரிய மொழி நாடகத்துக்கு மட்டும்தான் என்பதும் வேடிக்கை. 1982இல் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் கிழக்கு நாடுகளைப் பார்த்துக் கற்கச் சொன்னபோது ஜப்பானோடு கொரியாவும் சேர்த்திதான். பிள்ளைகளைத் தொழில்நுட்பம் கற்றுவரத்தான் அனுப்பினார்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த தோட்டத்துப் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு உள்ளே வருகிறது. நாலாவதைக் கேட்டால் இருட்டில் நடக்கச் சொல்கிறீர்கள். மேடைக்கு மேடை உலகத்தரம் பேசுகிறீர்கள். எரியாத ஒரு தெருவிளக்கை மாற்ற ஒரு பருவம் போதவில்லை. நுழைவாயில் வளைவு மட்டும் புதுச் சாயத்தில் பளபளக்கிறது. சரி, அது வேறு கதை.

பணிவாகக் கேட்பது இதுதான். ஜெர்மன், ஜப்பான் வகுப்புகளில் ஒரு பிரிவையாவது பகலுக்கு மாற்றுங்கள்; அதை எல்லாப் புலத்தினருக்கும் திறந்துவிடுங்கள். அதுவரை கடைசிப் பேருந்தை 10.15க்கு விடுங்கள். அடுத்த பருவப் பதிவு தொடங்கும் முன் செய்தால் நல்லது. பதிந்த பிறகு பாடத்தை மாற்ற உங்கள் விதி இடம் தருவதில்லை.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை
பாடாங் செராய், கெடா