சைலன்சருக்கு பாத்ரூம் ஆசிட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடைமழை ஓய்ந்ததும் வாட்டர் வாஷ் கடைகளில் கூட்டம் சேர்கிறது. புல்லட் மாதிரி குரோம் அதிகமுள்ள வண்டி வந்தால், சைலன்சரிலும் ரிம்மிலும் உள்ள துருப்புள்ளிகளுக்குச் சில கடைகளில் பாத்ரூம் ஆசிட்டைத் துணியில் தொட்டுத் தடவிவிடுகிறார்கள். வண்டியை எடுக்கும்போது பளபளவென்றுதான் இருக்கும். கொஞ்ச நாளில் முன்பைவிட அதிகமாகப் புள்ளி கிளம்பும். பழி கம்பெனி மேல் போகும்.

குரோம் பாகத்தில் இரும்பின் மேல் நிக்கல், அதன் மேல்தான் குரோமியம். நிக்கல் 10 முதல் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். குரோமியமோ பெரும்பாலும் அரை மைக்ரான்கூடத் தேறாது. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்பும் ஈரமும் அதன் வழியே இறங்கி, நிக்கலைத் துளைத்து, இரும்பைத் தொட்டதும் துரு மேலே கசிகிறது. பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பட்டறைகளில் பழைய குரோமை உரிக்கவே அதைப் பயன்படுத்துவார்கள். எவ்வளவு கழுவினாலும் வெடிப்புக்குள் போனது முழுதாக வெளியே வராது.

சரியான வழி செலவு குறைந்ததுதான். முதலில் ஷாம்பு தண்ணீரில் மண்ணைக் கழுவிவிட வேண்டும். மண்ணோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள். பிறகு சாப்பாடு பார்சல் கட்டும் சில்வர் பேப்பரைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருப்புள்ளியில் மட்டும் லேசாகத் தேய்க்கலாம். அந்தப் பேப்பர் அலுமினியம்தான்; அது குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறல் விழும் பயம் குறைவு. கறுப்பாக ஒரு குழம்பு வரும். அதைத் துடைத்துப் பார்த்தால் துரு போயிருக்கும். ஊசிமுனை அளவு குழி மட்டும் நிற்கும், அது போகாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், பச்சை நார் இரண்டும் கூடாது. பித்தளை விளக்குப் பாலிஷை வாரந்தோறும் போடுபவர்களும் உண்டு. வெள்ளையில் நீலம் கலந்த மினுக்கம் போய் லேசாக மஞ்சள் தட்டினால், குரோமியம் தேய்ந்து நிக்கல் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

துரு எடுத்த கையோடு, நன்றாகக் காயவைத்து கார்னாபா மெழுகு (ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுப்பது) பூச வேண்டும். அந்தக் குழியை அடைப்பது மெழுகுதான். ரிம்மில் ஸ்போக்ஸ் கம்பியை இறுக்கும் நிப்பிள் உட்காரும் இடத்தையும், கிராஷ் கார்டின் அடிப்பக்கத்தையும் மறந்துவிடுகிறார்கள். துரு தொடங்குவதே அங்கேதான். கடலோர ஊர்களில் மாதம் ஒரு தடவை மெழுகு போட்டால் நல்லது. போர் தண்ணீரில் கழுவினால் தானாகக் காயவிடாமல் பழைய வேட்டித் துணியால் உடனே துடைக்க வேண்டும். வெள்ளைத் திட்டு படிந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தொட்டுத் துடைத்து, ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிடலாம்.

சைலன்சர் கதை வேறு. சூட்டில் மெழுகு நிற்காது. தேங்காய் எண்ணெய் தடவினால் தீய்ந்து பழுப்புக் கறையாகும். ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது, முழுதாக ஆறவிட வேண்டும். கேரி பேக் ஒட்டி உருகியிருந்தால் மட்டும், எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி அணைத்து, மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டும். எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் பெண்ட் பைப் நீலம் பாய்வது அழுக்கல்ல, சூட்டின் வேலை. எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறதா, காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைவாகப் போகிறதா என்று பார்க்காமல் பாலிஷ் போட்டால் நீலம் திரும்பி வரும்.

புது வண்டிகளில் ஹெட்லைட் வளையம் போன்ற சில பாகங்கள் குரோம் பூசிய பிளாஸ்டிக். அவற்றுக்குச் சில்வர் பேப்பரும் பெட்ரோலும் ஆகாது. ஈரத் துணி போதும்.

குரோம் பொரிந்து உரியத் தொடங்கிவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது. மறு பூச்சுக்குக் கொடுக்கும்போது பழைய நிக்கலையும் முழுதாக உரித்துத்தான் பூசுகிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள். வாட்டர் வாஷுக்கு விடும்போதும் "குரோமுக்கு ஆசிட் வேண்டாம், ஷாம்பு மட்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

- வாசகர், தூத்துக்குடி