கொழும்பும் லுசாக்காவும் பாடத்தில் உண்டு, கடன் மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக சர்வதேச அரசியல் பாடம் நடத்துகிறேன். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காருகிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பனிப்போரில் எந்த அணியிலும் சேராமல் நின்ற நாடுகள் கூடிய அணிசேரா மாநாடுகளை எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: பெல்கிரேடு 1961, கெய்ரோ 1964, லுசாக்கா 1970, அல்ஜியர்ஸ் 1973, கொழும்பு 1976. ஐந்து மார்க் கேள்வி, நோட்ஸில் இருக்கிறது. ஆனால் லுசாக்காவில் மாநாடு நடத்திய ஜாம்பியா 2020 நவம்பரில் கடன் கட்ட முடியாமல் நின்றது. கொழும்பில் நடத்திய இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. ஒன்று செம்பை நம்பிய நாடு; மற்றொன்று தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலாவை நம்பியது. இரண்டும் எப்படி ஒரே நிலைக்கு வந்தன? இந்தப் பாடத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். நாங்கள் நடத்தும் தாளில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. பனிப்போர் முடிந்ததும் பாடமும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

2022இல் தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கிய நேரம். என் வகுப்பில் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அவ்வளவு தேயிலை விக்கிற நாட்டுல டீசல் வாங்க எப்படி மிஸ் காசு இல்லாமப் போச்சு?" இலங்கை மத்திய வங்கி தன் ஆண்டறிக்கையைத் தமிழிலும் வெளியிட்டு வந்தது. அதில் கடன் அட்டவணைப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். சீனாவிடம் வாங்கித்தான் இலங்கை மூழ்கியது என்று வாட்ஸ்அப்பில் படித்திருந்தவர்கள், வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்கள் என்பதைப் பார்த்தார்கள். 2007இல் தொடங்கிய வழக்கம் அது. உலக வங்கி போன்ற இடங்களில் வாங்கும் சலுகைக் கடனைவிட வட்டி அதிகம். முதிர்வு நாளில் அசலை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். தவணை கேட்டுப் பேசலாம் என்றால் எதிரே ஓர் அரசு கிடையாது. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் முதலீட்டாளர்கள். 2019 வரிக்குறைப்பு, கொரோனாவில் படுத்துவிட்ட சுற்றுலா, 2021 ரசாயன உரத் தடை எல்லாம் இதன்மேல் வந்து விழுந்தன. அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதையும் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டே விவாதித்தோம். இரண்டு பக்கமும் நன்றாகப் பேசினார்கள்.

ரேஷன் அரிசியும் அப்படித்தான். அரசு நெல் கொள்முதலில் எவ்வளவு மானியம் என்பதை உலக வர்த்தக அமைப்பு 1986–88 விலைகளை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறது. வளரும் நாடுகளுக்கு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் உச்சவரம்பு. வரம்பை மீறினாலும் வழக்குப் போடமாட்டோம் என்று 2013 பாலி மாநாட்டில் கிடைத்த இடைக்காலப் பாதுகாப்புக்குப் பதிலாக நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் நெல் விளைவிக்கும் வீட்டிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

ஆங்கில வழியில் படிக்கிறவர்களுக்கு நூலகத்திலாவது நூல்கள் கிடைக்கின்றன. தமிழ் வழி மாணவர்களுக்கு கைடுதான் கதி. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கு எவ்வளவோ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தது. வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-77இன் 1964 கூட்டறிக்கை, புதிய பொருளாதார ஒழுங்கு பற்றிய 1974 ஐ.நா. பிரகடனம், பன்னாட்டு நாணய நிதியத்தோடு இலங்கை 2023இல் செய்துகொண்ட ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகள் ஆகியவற்றைத் தமிழில் தொகுத்து ஒரு நூல் தாருங்கள். கடன், வர்த்தகம், மருந்துக் காப்புரிமை மூன்றுக்கும் சேர்த்து ஒரு முழு அலகு ஒதுக்குங்கள். பருவத் தேர்வில் மாநாடுகளின் பட்டியலைக் கேட்கும் இடத்தில், ஒரு நாட்டின் கடன் அட்டவணையை அச்சிட்டு, அதைப் படித்து விடை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் கௌரவ விரிவுரையாளர்,
இராமநாதபுரம் மாவட்டம்.