எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு

மும்பை தாராவி சபையாருக்கு, 90 அடி ரோட்டில் எங்கள் சந்துக்காரர்களுக்கு, மஸ்ஜித் பந்தர் ஆபீஸில் என்னோடு கட்டிங் சாயா குடிக்கிறவர்களுக்கு, எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம், நமஸ்கார்.

நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றிதான் இது. இரண்டு மூன்று தடவை கிளம்பினேன், வாசலில் நின்று மழையைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் யாருடையதும் போடவில்லை, படித்தால் அவரவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2022-லிருந்து பங்குச்சந்தையில் ஆப்ஷன் டிரேடிங்கில், அதாவது குறித்த நாளுக்குள் சந்தை ஏறுமா விழுமா என்று பணம் கட்டுகிற வியாபாரத்தில், 4 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் தொலைத்தேன். சம்பளம் 31 ஆயிரம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரும் நான்தான். "யாதொரு விக்கிரகத்தையாகிலும்" என்று அதுகள் ராகம் போட்டுச் சொல்லும்போது நான் தலையாட்டிக்கொண்டே திங்கட்கிழமை காலையில் என்ன வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பரிசுத்த ஜீவியம் என்றால் எனக்கு ஒரு பட்டியல் இருந்தது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, தசமபாகம் தவறாது, ஞாயிற்றுக்கிழமை தேய்த்த வெள்ளைச் சட்டை. விக்கிரகம் என்றால் அடுத்த வீட்டுச் சமாச்சாரம், கணபதி ஊர்வலம் வந்தால் ஜன்னலைச் சாத்துகிற ஆள் நான். கொலோசெயர் 3:5-ல் "விக்கிரகாராதனையான பொருளாசை" என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது, எத்தனை தடவை வாசித்திருப்பேன், அது வட்டிக்கு விடுகிறவர்களுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். லாபம் வந்த மாதங்களில் அதிலும் பத்தில் ஒன்றைக் காணிக்கைக் கவரில் போட்டேன். சயான் ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கும்போது, "ஆண்டவரே, இந்த ஒரு டிரேட் மட்டும் ஜெயிக்கட்டும், பாதி உமக்கு" என்று ஜெபம் வேறு. எழுதவே கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

2024 மார்ச் 28, பெரிய வியாழன். அன்று மாத எக்ஸ்பைரியும்கூட, அந்த மாதத்து ஆப்ஷன்கள் காலாவதியாகிற நாள். சந்தை விழும் என்று நம்பி நிஃப்டி புட், அதாவது விழுந்தால் லாபம் தருகிற ஆப்ஷன், 20 லாட் வாங்கினேன், அப்போது லாட்டுக்கு 50, ஒன்று 60 ரூபாய் விலையில், மொத்தம் 60 ஆயிரம். அதுவும் மனைவியின் மூன்று பவுன் செயினை, ஊரில் அக்காவுக்கு ஆபரேஷன் என்று பொய் சொல்லி வாங்கி அடகு வைத்த பணம். அன்றைக்குப் பார்த்து சந்தை ஏறியது. ஆபீஸ் கக்கூஸில் கதவைத் தாழ்போட்டு நின்றுகொண்டு பார்க்கிறேன், 60 நாற்பதாகி, பதினொன்றாகி, மூன்றரை மணிக்கு 5 பைசாவில் நின்றது. சாயங்காலம் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து ஆராதனைக்குப் போனேன். பந்திக்கு எழுந்து போக கால் வரவில்லை.

போதகர் ஐயா, நீங்கள் அதைக் கவனித்தீர்கள். ஆராதனை முடிந்து விளக்கெல்லாம் அணைத்தபிறகு வெஸ்ட்ரியில், உங்கள் அங்கி மாற்றுகிற அறையில், உட்காரவைத்தீர்கள். நான் அழுதுகொண்டே, "பண ஆசை ஐயா, ஜெபியுங்கள்" என்றேன். நீங்கள் ஜெபிக்கவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டீர்கள். கொஞ்சம் என்றேன். மறுபடியும் "எவ்வளவு?" ஆராதனை முறைத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவைக் கையில் கொடுத்து, கைபேசி ஆப்பில் வாங்கிய கடன், அடகு, நண்பனிடம் வாங்கியது, எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள். கூட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்புறம் வேதத்திலிருந்து ராகேல் கதையைச் சொன்னீர்கள். தகப்பன் லாபான் வீட்டு விக்கிரகச் சுரூபங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்துக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாளே, லாபான் கூடாரம் முழுக்கத் தடவிப் பார்த்தும் அகப்படவில்லையே, அந்தக் கதை. "நீ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாய் என்று வீட்டில் தெரியுமா?" என்றீர்கள். அன்றிரவு தெரிந்தது.

என் மனைவிக்கு. பதினாறு நாள் நீ பேசவில்லை, சோறு மட்டும் வைத்தாய், அது நியாயம்தான். பதினேழாம் நாள் ஏடிஎம் கார்டைக் கேட்டாய். இன்றுவரை சம்பளம் உன் கையில், எனக்கு ரயில் பாஸும் வாரத்துக்கு 300 ரூபாயும். சபையில் சிலர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம், சிரிக்கட்டும். செயின் இன்னும் மீளவில்லை. அதற்கு நன்றி என்று எப்படிச் சொல்வது, மன்னிப்புத்தான் கேட்க முடியும்.

வாலிபர் கூட்டத்துத் தம்பிக்கு. முதலில் எஃப் அண்ட் ஓ-வை, அந்த ஆப்ஷன் வியாபாரப் பகுதியை, முடக்கவைத்து, அப்புறம் பங்குகள் வைக்கிற டீமேட் கணக்கையே மூடவைத்தாய், ஓடிபி வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். ஐந்து மாதம் கழித்து, சின்னதாக ஒன்று திறக்கலாமா என்று எனக்குள் அரிப்பு எடுத்த நேரம் பார்த்து, பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியின் ஆய்வு வந்தது. 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல், அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக ஆளுக்கு 2 லட்சம். நீ அதைக் காட்டியதும் நான் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "அந்த 7 சதவீதத்தில் நான் இருந்தால்?" நீ பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வைக்கு நன்றி. (எக்ஸ்பைரி இப்போது செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டது. இது எனக்கு ஏன் தெரிந்திருக்கிறது என்று கேட்காதே. சரி, கேள்.)

ஆபீஸ் மராட்டி நண்பனுக்கு. உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, இதை இந்தியில் வாசித்துக் காட்டுகிறேன். சந்தை திறக்கிற 9:15-க்கு என் கை தானாகக் கைபேசிக்குப் போகும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். மறுநாளிலிருந்து 9:10-க்கு வந்து தோளைத் தட்டிக் கீழே சாயாவுக்குக் கூட்டிப் போகிறாய், காசும் நீயே கொடுக்கிறாய். கணபதிக்கு மோதகம் கொண்டுவந்தாய், படைத்ததா என்று நான் தயங்கினேன். "உனக்குப் பூஜைக்கு முன்னாலேயே தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன்" என்றாய். ஜன்னலைச் சாத்தியவன் நான். அதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

இன்னொன்று. இதைச் சபையில் எழுந்து சாட்சியாகச் சொல்லுங்கள், கர்த்தர் இழந்ததை இரட்டிப்பாகத் திருப்பித் தந்தார் என்று முடியுங்கள் என்று சிலர் அன்பாகக் கேட்டார்கள். ஒன்றும் இரட்டிப்பாகவில்லை. 1 லட்சத்து 40 ஆயிரம் இன்னும் பாக்கி. ஜனங்களுக்குப் பொன் கன்றுக்குட்டி செய்துகொடுத்த ஆரோன் மோசேயிடம் சொன்னானே, பொன்னை அக்கினியில் போட்டேன், கன்றுக்குட்டி வந்துவிட்டது என்று, தானாகவே நடந்த மாதிரி. என் கதையையும் அப்படிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கன்றுக்குட்டியைச் செய்தது நான்தான். ஆப்பும் இல்லை, பிசாசும் இல்லை. ஞாயிறு பள்ளியிலிருந்து நானே விலகிக்கொண்டேன், ஐயா கூப்பிடும்போது பார்க்கலாம்.

கடைசியாக, பக்கத்து வீட்டு அக்காவுக்கு. ஆப் கடன்காரர்கள் போன் பண்ணி அசிங்கமாகத் திட்டியது மெல்லிய சுவர் வழியாக உங்களுக்குக் கேட்டிருக்கிறது. சீட்டுப் பணம் 15 ஆயிரத்தை மஞ்சள் பையில் சுருட்டி மனைவியிடம் கொடுத்து, "அந்த வாயை முதலில் அடைங்க" என்றீர்கள். பத்துத் தவணை பேசினோம், ஏழு கொடுத்தாகிவிட்டது. எட்டாவது சனிக்கிழமை வரும், மனைவி கொண்டுவருவாள். மஞ்சள் பையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.